சுழலும் மாடியும் நிலைத்த அச்சும்

வீடு என்னும் சொல்லுக்கு நம் மொழியிலே இரண்டு பொருள்கள் உண்டு. ஒன்று மனிதன் குடியிருக்கும் இல்லம். மற்றொன்று அறம், பொருள், இன்பம் என்பவற்றுக்கு அப்பால் வைத்து எண்ணப்படும் விடுதலை. முன்னது மனிதனை ஓரிடத்தில் இருத்துவது. பின்னது அவனை எல்லாக் கட்டுகளிலிருந்தும் விடுவிப்பது. ஒன்றுக்கொன்று மாறானவை போலத் தோன்றும் இவ்விரு பொருள்களையும் ஒரே கட்டடத்திலே சேர்த்துத் தர முடியும் என்று நம் காலத்துப் பொறியியல் கூறத் தொடங்கியுள்ளது. நிற்கும் நிலத்தை விட்டு நகராமலே, விரும்பிய திசைக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சுழல்வீடு அத்தகைய ஒரு வாக்குறுதியாகும்.

இதனை விந்தைச் செய்திகளுள் ஒன்றாகப் படித்துவிட்டுப் போவது எளிது. ஆயினும், ஒரு காலத்து மனிதர் எத்தகைய இல்லத்தைக் கனவு காண்கின்றனர் என்பதிலிருந்து, எத்தகைய வாழ்வை அவர்கள் நல்வாழ்வென்று கருதுகின்றனர் என்பதை அறியலாம். எனவே, இவ்வில்லத்தை முன்வைத்து ஒழுக்கவியல் சார்ந்த வினா ஒன்றை நாம் எழுப்ப வேண்டியுள்ளது: தான் காண விரும்புவதை மட்டும் காணுமாறு வாழ்விடத்தை அமைத்துக்கொள்ளும் ஆற்றல், சுதந்திரம் என்னும் பெயருக்கு உரியதா?

பிறேசில் நாட்டின் தென்பகுதியில் பரானா மாநிலத்தின் தலைநகராக விளங்குவது குரிற்றிபா. அந்நகரில், செல்வர் வாழும் பகுதி ஒன்றிலே, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் 'சுவீற் வொலார்ட்' என்னும் தொடர்மாடி எழுந்தது. ஓவியர் பிக்காசோவின் செதுக்கோவியத் தொகுதி ஒன்றின் பெயரையே அதற்குச் சூட்டினர். அதிலே மாடிக்கு ஒன்றாகப் பதினொரு குடியிருப்புகள் உள்ளன. நடுவே அசையாத தண்டு ஒன்று நிற்கிறது. குழாயும் நீரும் வேண்டிய பகுதிகள் யாவும் அத்தண்டினுள் அடங்கும். அதனைச் சுற்றி வளையமாக அமைந்த வாழும் பகுதி மட்டும் சுழலும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு மாடியும் மற்றதைச் சாராமல், இடமாகவோ வலமாகவோ, தனக்கென்று திரும்ப வல்லது.

இவ்வமைப்பிலே வாழ்வதாக எண்ணிப் பார்ப்போம். காலையில் எழுபவர் கிழக்கின் ஒளியைப் படுக்கையறைக்கு அழைக்கலாம். நண்பகலில் வெயிலை விலக்கலாம். மாலையில் செவ்வானத்தை விருந்தினர் முன்னே கொண்டுவந்து நிறுத்தலாம். கீழ்மாடிக்காரர் வடக்கை நோக்கியிருக்கும் வேளையில் மேல்மாடிக்காரர் மேற்கை நோக்கியிருக்கலாம். 'எதிர்வீடு', 'பக்கத்து வீடு' என்ற சொற்கள் அங்கு பொருளிழந்து போகும். ஆயினும், கட்டி முடிந்த பின்னர் பல்லாண்டுகள் அக்கட்டடம் நிலையான குடிகளின்றியே நின்றது. ஆதலால் அங்கு வாழ்ந்தோரின் அனுபவத்தைக் கொண்டு தீர்ப்புக் கூறுவதற்கில்லை. அது மனிதருக்கு விடுத்த அழைப்பையே நாம் ஆராய வேண்டும்.

* * *

அவ்வழைப்பு மிகப் பழையது. கி.பி. 64ஆம் ஆண்டில் றோமாபுரியின் பெரும்பகுதியைத் தீ அழித்தது. பெருந்தொகையான மக்கள் வீடிழந்தனர். எரிந்துபோன நிலத்தின் பரந்த பகுதியொன்றை வளைத்துப் பேரரசன் நீரோ தனக்கெனப் 'பொன் மாளிகை' எழுப்பினான். அம்மாளிகையின் தலையாய விருந்து மண்டபம் வானத்தைப் போன்று இரவும் பகலும் இடையறாது சுழன்றது என்று சுவெற்றோனியஸ் என்னும் வரலாற்றாசிரியர் எழுதி வைத்தார். 2009ஆம் ஆண்டில் பலற்றைன் குன்றிலே அகழ்ந்த ஆய்வாளர்கள், அம்மண்டபத்தின் அடித்தளம் என்று தாம் கருதும் பகுதியைக் கண்டெடுத்தனர். ஊரார் கூரை தேடி நின்ற காலத்திலே அரசனின் உணவு மேசை உலகைச் சுற்றி வந்தது. சுழலும் வீட்டின் வரலாறு இக்காட்சியோடு தொடங்குவது நினைவில் வைக்கத்தக்கது.

ஆயினும் அவ்வரலாறு முழுவதும் ஆடம்பரத்தின் வரலாறன்று. இத்தாலியின் வெறோனா நகரை அடுத்த மார்செலீசே என்னும் சிற்றூரில், அஞ்செலோ இன்வெர்னிற்சி என்னும் பொறியியலாளர் 1929க்கும் 1935க்கும் இடையே ஒரு வீட்டைக் கட்டினார். 'சூரியகாந்தி' என்னும் பொருள்பட 'ஜிறசோலே' எனப் பெயரிட்டார். 44 மீற்றர் விட்டமுள்ள வட்டத் தளத்தின்மீது, மூன்று வட்டத் தண்டவாளங்களில், ஏறத்தாழ 1,500 தொன் எடையுள்ள வீடு வினாடிக்கு 4 மில்லிமீற்றர் வேகத்தில் நகருமாறு அமைக்கப்பட்டது. ஒரு சுற்று முடிய 9 மணி 20 நிமிடம் ஆகும். ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் 1994இல் றோல்ஃப் டிஷ் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த 'ஹெலியோற்றோப்' என்னும் இல்லமும் சூரியனைத் தொடர்ந்து திரும்புவது. கூரையிலுள்ள சூரியத் தகடுகளின் துணையால், தான் செலவிடும் சக்தியிலும் மிகுதியான சக்தியை அது உண்டாக்குகிறது.

இவற்றையும், 2008ஆம் ஆண்டில் டுபாய் நகருக்கென டேவிட் ஃபிஷர் என்னும் கட்டடக் கலைஞர் அறிவித்து, இன்றுவரை எழாதிருக்கும் 80 மாடிக் கோபுரத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. 420 மீற்றர் உயரத்தில் ஒவ்வொரு மாடியும் தன் போக்கில் சுழலும் என்பதே அக்கோபுரத்தின் புகழ். சூரியகாந்தி வீடு திரும்புவது சூரியனின் கட்டளைக்கு. தனக்கு வெளியே உள்ள ஓர் ஒழுங்கை அறிந்து அதனோடு இயைந்து போகும் அறிவு அதில் இருக்கிறது. டுபாய்க் கோபுரத்தின் வரைபடமோ உரிமையாளரின் விருப்பத்தைத் தவிர வேறெந்த ஒழுங்கையும் அறியாது. முன்னதிலே மனிதன் இயற்கையின் இயல்பைக் கற்றுப் பயன்கொள்கிறான். பின்னதிலே உலகம் முழுவதும் அவனுக்குக் காட்சிப் பொருளாகிறது. எனவே சுழற்சியும் இயந்திரமும் குற்றவாளிகளல்ல. எதற்காகத் திரும்புகிறோம், எதிலிருந்து திரும்புகிறோம் என்பதிலேதான் அறத்தின் வினா பிறக்கிறது.

* * *

நிலையான வீட்டின் யன்னல் மனிதனுக்குச் சில கடமைகளை விதிக்கிறது. அதனூடே தெரியும் தெருவை அவன் தேர்ந்தெடுத்து அமைக்கவில்லை. அங்கே வடிகால் அடைபட்டுக் கிடந்தால் அதன் நாற்றம் அவனையும் சேரும். எதிர்வீட்டிலே பிள்ளை பசித்து அழுதால் அவ்வழுகை அவன் காதிலும் விழும். அவன் இரக்கமற்றவனாகவே இருக்கலாம். ஆயினும் அறியாதவனாக இருக்க முடியாது. சமுதாய உணர்வு என்று நாம் பெருமையோடு கூறுவது பெரும்பாலும் இவ்வாறு விலக்க முடியாத காட்சிகளிலிருந்தே தோன்றியது. அயலான் என்பவன் நாம் தெரிந்தெடுத்த நண்பனல்லன், நமக்கு வாய்த்தவன். வாய்த்தவனோடு வாழக் கற்பதிலிருந்தே ஊர் என்பது உருவாகிறது.

சுழல்மாடி இக்கடமையிலிருந்து விலக்களிக்கிறது. மலையும் பூங்காவும் வேண்டுமாயின் அவை வரும். சேரியின் தகரக் கூரை கண்ணை உறுத்துமாயின் அது பின்னே போகும். கூரை போன இடத்திலே துன்பம் போய்விடவில்லை. குடியிருப்புப் பிரச்சினை பற்றி எங்கெல்ஸ் 1872ஆம் ஆண்டு எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் இதனை ஒத்த உண்மையொன்றைச் சுட்டிக்காட்டினார். முதலாளித்துவ நகரம் சேரிகளை ஒழிப்பதில்லை. ஓரிடத்தில் இடித்து மற்றோரிடத்துக்குத் தள்ளுகிறது என்பது அவரது கருத்து. சேரியை நகர்த்துவதற்குப் பதிலாகப் பார்ப்பவனையே நகர்த்திவிடும் வசதியைச் சுழல்மாடி தருகிறது. வேறுபாடு அவ்வளவே.

பார்வையைத் திருப்பிக்கொள்ளும் வசதி செல்வருக்கு இன்று புதிதாக வாய்த்ததன்று என்பதும் உண்மையே. உயர்ந்த மதில், திரைபோட்ட வாகனம், தனிப் பாடசாலை என்பன நெடுங்காலமாகவே அத்தொழிலைச் செய்து வந்துள்ளன. சுழல்மாடி அவற்றின் முறையான வாரிசு. பழைய மதில் பிறர் கண்ணுக்கும் மதிலாகவே தெரிந்தது. 'இங்கே ஒருவன் ஒளிந்து வாழ்கிறான்' என்று அது சொல்லிற்று. இப்புதிய மதிலோ கண்ணாடியாலானது. எல்லாத் திசைகளையும் காண்பதாகக் கூறிக்கொண்டே வேண்டாத திசையை விலக்க அது வழிசெய்கிறது.

* * *

இனி, இவ்வியந்திரத்தின் மறுபக்கத்தை நோக்குவோம். செல்வருக்கென மாடிகள் சுழல்வதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் முன்னரே, ஏழை மனிதர் சுழலும் கட்டடத்தில் வாழ்ந்திருக்கின்றனர். அது சிறைச்சாலை. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த இருவர் 1881இல் சுழற்சிறை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றனர். கைதியோடு காவலன் நேர்முகத் தொடர்பு கொள்ளாமலே அவனைக் கட்டுப்படுத்துவது அதன் வெளிப்படையான நோக்கம். அடுத்த ஆண்டே அம்மாநிலத்தின் குறோஃபோர்ட்ஸ்வில் என்னும் ஊரில் அத்தகைய சிறை கட்டப்பட்டது. வட்டமான அப்பத்தைத் துண்டு துண்டாக வெட்டினாற்போன்ற எட்டு அறைகள் ஒரு தட்டில். அவ்வாறு இரண்டு தட்டுகள். வட்டம் முழுவதையும் கம்பிக்கூடு சூழ்ந்திருக்க, தட்டுக்கு ஒரே ஒரு வாயில். காவலன் கைப்பிடியைச் சுற்றுவான். வேண்டிய அறை வாயிலுக்கு நேரே வந்து நிற்கும். மற்றையோருக்கு வெளியேற வழியில்லை.

அயோவா மாநிலத்தின் கவுன்சில் பிளஃப்ஸ் நகரில் 1885இல் மூன்று தட்டுகளோடு எழுந்த இத்தகைய சிறையை மக்கள் 'அணிற்கூடு' என்று அழைத்தனர். அங்கே 1969 வரை கைதிகள் அடைக்கப்பட்டனர். அறை சுழலும்போது கம்பியிடையே கைகால் அகப்பட்டுக் கைதிகள் காயமுற்றமையும், தீப்பற்றினால் எல்லோரையும் விரைந்து வெளியேற்ற இயலாமையும் இச்சிறைகள் கைவிடப்பட்டமைக்குக் காரணங்களாயின.

நடுத்தண்டு, அதனைச் சுற்றிய வளையம், ஆப்பு வடிவான வாழ்விடம் என்று நோக்குமிடத்து, இச்சிறைக்கும் குரிற்றிபாவின் மாடிக்கும் பொதுவான பொறியியல் உண்டு. ஆயினும் ஒன்றைச் சிறை என்கிறோம். மற்றதை விடுதலை என்கிறோம். வேறுபாட்டை ஆக்குவது கைப்பிடி யாரிடம் இருக்கிறது என்னும் ஒன்றே. கைப்பிடி பிறரிடம் இருந்தால் சுழற்சி அடிமைத்தனம். தன்னிடம் இருந்தால் சுதந்திரம். இவ்வளவில் விடை முடிந்துவிடுமாயின் நம் வேலையும் எளிதாக முடிந்திருக்கும்.

விடை அங்கே முடிவதில்லை. சுழற்சிறையைக் கட்டியவர் விரும்பியது, மனிதனை மனிதன் முகம் கொடுத்துப் பாராமலே காரியத்தை நடத்திக்கொள்வது. சுழல்மாடியின் உரிமையாளன் விரும்புவதும் அதனையே. முன்னதிலே காவலன் கைதியின் முகத்தைத் தவிர்க்கிறான். பின்னதிலே வீட்டுக்காரன் அயலானின் முகத்தைத் தவிர்க்கிறான். கைப்பிடி தன் கையிலே இருந்தும், பிறரைக் காணாமல் இருப்பதற்கே அதனைப் பயன்படுத்துபவன் தன்னைத் தானே காவல் செய்யும் கைதியாவான். செக்கைச் சுற்றும் மாடும் நாள் முழுவதும் எல்லாத் திசைகளையும் நோக்கித்தான் நடக்கிறது. அதனால் அது ஊரைக் கண்டதாகக் கூறுவாரில்லை.

* * *

இன்னுமொரு செய்தி சிந்தனைக்குரியது. எந்தச் சக்கரமும் அசையாத அச்சின்றிச் சுழலாது. குரிற்றிபாவின் மாடியிலே, நீர் வேண்டிய இடங்கள் யாவும் சுழலாத தண்டினுள் வைக்கப்பட்டன. இது பொறியியலின் தேவை. நீர்க்குழாயைச் சுழலவிடுவது எளிதன்று. ஆயினும் சமைப்பதும் துவைப்பதும் கழுவுவதும் நீரோடு பிணைந்த வேலைகள். பிறேசிலின் செல்வர் வீடுகளில் அவ்வேலைகளைப் பெரும்பாலும் செய்துவருவோர் வீட்டுப் பணிப்பெண்கள். அவர்களுட் பெருந்தொகையினர் கறுப்பினப் பெண்கள். வேலை நேர எல்லை, மேலதிக நேரக் கூலி போன்ற, ஏனைய தொழிலாளருக்கு உரிய உரிமைகளை அவர்களுக்கும் விரித்த அரசியலமைப்புத் திருத்தம் 2013ஆம் ஆண்டிலேதான் வந்தது. காட்சி சுழலும் வீட்டிலே அவர்களது இடம் அசையாத தண்டின் அருகிலேயே அமையும். ஒருவரின் அடுப்படி நிலைத்து நின்றால்தான் மற்றவரின் வானம் சுழலும் என்னும் உண்மையைச் சமுதாய விஞ்ஞானி ஒருவர் நூல் முழுவதும் எழுதி விளக்க வேண்டியதில்லை. அக்கட்டடத்தின் வரைபடமே விளக்கிவிடுகிறது.

அதே பிறேசில், 2000ஆம் ஆண்டில் தன் அரசியலமைப்பைத் திருத்தி, குடியிருப்பை மக்களின் சமூக உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆயினும் 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி அந்நாட்டிலே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் பற்றாக்குறையாக இருந்தன. சட்டத்தில் எழுதிய உரிமை செங்கல்லும் சுண்ணாம்புமாக மாறுவதற்கு வேறொரு விசை வேண்டும்.

அவ்விசை எத்தகையது என்பதற்கு வரலாற்றிலே சான்று உண்டு. முதலாம் உலகப் போருக்குப் பின், வியன்னா நகரத் தொழிலாளர் பலர் தாழ்வாரத்துக் குழாயிலே நீர் பிடித்து, வெளிச்சமற்ற அறைகளில் நெருங்கி வாழ்ந்தனர். அந்நகரின் சமூக ஜனநாயக நிர்வாகம் 1923இல் வீட்டு வரியொன்றை விதித்தது. பெரிய வீட்டுக்குப் பெரிய வரி, சிறிய வீட்டுக்குச் சிறிய வரி என்பது அதன் நெறி. அவ்வரியின் துணையோடு 1934 வரையில் 60,000க்கு மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றுட் புகழ்பெற்ற கார்ல் மார்க்ஸ் குடியிருப்பு 1927க்கும் 1930க்கும் இடையே கட்டப்பட்டது. ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் அக்கட்டடத்தில் 1,382 வீடுகள். நிலத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பகுதியிலே கட்டடத்தை நிறுத்தி, மிகுதியை முற்றமாகவும் சோலையாகவும் விட்டனர். சலவைக் கூடங்களும், குழந்தைகள் பள்ளியும், நூலகமும் அங்கே பொதுவாயின. அவ்வீடுகள் சிறியவை, எதுவும் சுழலவில்லை. சூரியன் வரும் வழியை மறைக்காமல் கட்டடங்களை விலக்கி நிறுத்தியமையால், வெளிச்சம் தானாகவே வீடு தேடி வந்தது.

வெளிச்சம் எல்லோருக்கும் இலவசம் என்பர். ஆயினும் இங்கிலாந்திலே 1696 முதல் 1851 வரை யன்னலுக்கு வரி வாங்கினார்கள் என்பதையும், வரிக்கு அஞ்சி யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்த வீட்டுச் சொந்தக்காரர்களால் குடிகள் இருளில் வாழ்ந்தனர் என்பதையும் மறந்துவிடலாகாது. சூரியனுக்கு விலையில்லை, சூரியனுக்கும் மனிதனுக்கும் இடையே நிறுத்தப்படும் சுவருக்குத்தான் விலையுண்டு. சூரியகாந்தி வீடு அச்சுவரை ஒரு குடும்பத்துக்காகச் சுற்றிக் கடந்தது. வியன்னாவின் தொழிலாளர் அதனை எல்லோருக்குமாக விலக்கி வைத்தனர். இவ்விரண்டும் ஒரே ஆசையின் இரு விடைகள்.

குரிற்றிபா நகரமே இரண்டாவது விடையையும் அறிந்திருந்தது என்பது கவனிக்கத்தக்கது. 1974இல் அது பேருந்துகளுக்கெனத் தனிப்பாதைகளை ஒதுக்கத் தொடங்கியது. பின்னர் நகரெங்கும் ஒரே கட்டணம் என்னும் முறை வந்தது. குறுகிய தூரம் செல்லும் நடுநகரவாசி செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி, தொலைவிலிருந்து வேலைக்கு வரும் ஏழையின் பயணத்தைத் தாங்கிற்று. இதனால் அந்நகரில் வறுமை ஒழிந்துவிடவில்லை. அதன் ஓரங்களிலே சேரிகள் உள்ளன. ஆயினும் மனிதரைச் சுழற்றுவதற்கும், மனிதரை ஒருவரோடொருவர் இணைப்பதற்கும் சக்கரங்களைப் பயன்படுத்தலாம் என்னும் இரண்டு உண்மைகளும் அந்த ஒரே நகரிலே அருகருகே கிடைக்கின்றன.

* * *

இவ்விடத்தில் இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். 'தன் உழைப்பால் பெற்ற பணத்தைக் கொண்டு ஒருவன் சுழல்வீடு கட்டினால் உமக்கென்ன இழப்பு?' என்பது முதலாவது. பதினொரு வீடுகளால் ஒரு நாடு வறுமையுறாது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் உருக்கும் உழைப்பும் அறிவும் எல்லையற்றவையல்ல. அவற்றுட் சிறந்தவை எதை நோக்கிச் செலுத்தப்படுகின்றன என்பது பொதுமக்களுக்கு உரிய வினா. அதனினும் முக்கியமாக, ஆசைக்கு முன்மாதிரியாக நிறுத்தப்படுவது எது என்பதும் பொது வினாவே. வீடற்றவனும் சுழல்வீட்டையே கனவு காணத் தொடங்கும்போது, அயலானை விட்டுத் திரும்பிக்கொள்வதே முன்னேற்றம் என்று அவனும் கற்றுக்கொள்கிறான்.

இரண்டாவது தடை இதனிலும் கனமானது. 'பொதுக் குடியிருப்பு என்ற பெயரிலே மனிதரை அடுக்கி வைத்து, அதிகாரிகள் கைப்பிடியைச் சுற்றுவார்களாயின், அதுவும் அணிற்கூடுதானே?' என்று கேட்பர். இக்கேள்வியை முற்போக்காளர் எவரும் தட்டிக்கழித்தலாகாது. குடியிருப்போரின் குரலைக் கேளாது கட்டப்பட்ட பெட்டி வீடுகள் பல நாடுகளில் உள்ளன. ஆதலின் வெளிச்சத்தைப் பகிர்ந்தளித்தால் மட்டும் போதாது. கைப்பிடியையும் பகிர்ந்தளித்தல் வேண்டும். எங்கே கட்டுவது, எவ்வாறு கட்டுவது, யாருக்குக் கொடுப்பது என்பவற்றிலே குடியிருக்கப் போகிறவனுக்கு உரிமை இல்லாத வீடு, யன்னல் எத்துணை அகலமாக இருப்பினும் முழு வீடாகாது. 1934 பெப்ரவரியில் வியன்னாவின் அத்தொழிலாளர் குடியிருப்புமீது இராணுவம் பீரங்கி கொண்டு சுட்டது. அம்மக்கள் அங்கே தம் கைப்பிடியைத் தாமே பற்றத் தொடங்கியிருந்தனர் என்பதனாலேயே அதிகாரம் அக்கட்டடத்தைக் கண்டு அஞ்சிற்று.

நாம் அனைவரும் ஏற்கெனவே சுழலும் வீடொன்றிலேதான் வாழ்கிறோம். இப்பூமி நாளுக்கொரு முறை தன்னைச் சுற்றி, சேரிக்கும் மாளிகைக்கும் முறை தவறாது பகலைக் கொண்டு வருகிறது. அதன் கைப்பிடி எவரிடமும் இல்லை. அவ்வாறு வரும் பகலை வாசலிலே மறிக்கும் சுவர்களோ மனிதர் எழுப்பியவை. மனிதராலேயே அகற்றப்படக் கூடியவை. வீடு என்னும் சொல்லின் இரு பொருள்களும் என்றாவது ஒன்றாகுமாயின், அயலானின் முகத்தை நேரே நோக்கி நிற்கும் வீடுகளிலேயே ஒன்றாகும். அத்தகைய வீடுகளைக் கட்டுவதற்கு வேண்டிய கல்லும் மண்ணும் அறிவும் உலகிலே போதிய அளவு உண்டு. எத்திசையை நோக்கிக் கட்டுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்கள், அவற்றில் வாழப்போகும் மக்களே.